கிளைவ் பெட்ரியின் துணையாள்

எங்கள் சீஸ் ஆலையில் புகார் கொடுத்தவர் யாரும் விசாரணைக்குத் தனியாக வரக் கூடாது. பக்கத்தில் ஒரு துணையாள் உட்கார வேண்டும். துணையாள் தண்ணீர் ஊற்றித் தரலாம். அழுதால் காகிதக் கைக்குட்டை நீட்டலாம். 'கொஞ்சம் வெளியே போய்விட்டு வரலாமா' என்று கண்ணால் கேட்கலாம். பேச மட்டும் கூடாது. இது எங்கள் ஆலை கண்டுபிடித்த வழக்கம் அல்ல, பல இடங்களிலும் இருப்பதுதான். புகார் கொடுத்தவர் இறந்த பிறகும் அவருக்குத் துணையாள் தேவை என்பது மட்டும் எங்கள் ஆலையின் சொந்தச் சரக்கு.

அந்தத் துணையாள் நான்.

என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. சீஸ் கட்டிகளுக்கு உறை போடும் வரிசையில் நின்றுகொண்டிருந்த நான், மனிதவள நிர்வாகம் படிக்கலாம் என்று மாலை வகுப்பில் சேர்ந்தேன். அது தெரிந்ததும் மக்கள் பண்பாட்டுப் பிரிவில் ஒரு மேசை கொடுத்தார்கள். மனிதவளப் பிரிவுக்கு எங்கள் ஆலையில் அதுதான் பெயர். மேசை கொடுத்தவர்களிடம் மறுத்துப் பேச எனக்கு வராது. வரிசையில் நின்றபோது நிறைய மறுத்துப் பேசியதாக ஞாபகம். அல்லது பேசவேண்டும் என்று நினைத்ததைத்தான் பேசியதாக ஞாபகம் வைத்திருக்கிறேனோ என்னவோ.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

கிளைவ் பெட்ரியும் அல்டோ மரீனியும் பல வருடங்களாக ராத்திரி ஷிப்டில் ஒன்றாக வேலை செய்தவர்கள். குளிரறைக்குள் ஒருவர் வண்டி ஓட்டுவார், மற்றவர் அடுக்குவார். சனிக்கிழமைகளில் இருவரும் ஏரியில் ஒரே படகில் மீன் பிடிக்கப் போவார்கள். கிளைவ் எப்போதும் வாயில் யூகலிப்டஸ் மிட்டாய் அடக்கிக்கொண்டிருப்பார். குளிரறையின் கதவைத் திறந்தால் பால் வாசனைக்கு முன்னால் அந்த வாசனைதான் வரும்.

போன வருடம் பகல் ஷிப்டில் ஓர் இடம் காலியானது. அல்டோவுக்கு அது உயிர்ப் பிரச்சினை. அவர் மனைவி ஷெரிலுக்கு வலிப்பு நோய். வருவதெல்லாம் ராத்திரியில், தூக்கத்தில்தான். பக்கத்தில் ஆள் இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்துவிடலாம். ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அல்டோ யாரிடமும் சொல்லி முடித்ததில்லை.

மேற்பார்வையாளர் அந்த இடத்தை அல்டோவுக்கே கொடுத்தார். ஆனால் அறிவிப்புப் பலகையில் போடாமல், கார் நிறுத்தும் இடத்தில் வைத்து வாய்வார்த்தையாகக் கொடுத்துவிட்டார். கிளைவுக்கும் பகல் ஷிப்ட் மேல் ஆசை இருந்தது. அவர் புகார் கொடுத்தார். தேநீர் இடைவேளையில் என்னிடம், "அல்டோவுக்குக் குடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லல, டெஸ். பலகையில போட்டுட்டுக் குடுங்கன்னுதான் சொல்றேன். இல்லாட்டி நாளைக்கு இவங்க யாருக்கு வேணா எதையும் குடுப்பாங்க, எடுப்பாங்க" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. அல்டோவுக்கு இடம் கிடைத்ததும் நியாயமாகப் பட்டது. ஒரே விஷயத்தில் இரண்டு பக்கமும் எனக்கு நியாயமாகப் படுவது இந்தத் துறைக்குத் தகுதியா, தகுதிக் குறைவா என்று இன்றுவரை தெரியவில்லை.

புகார் வந்த அன்றே ஆலையின் நெறிமுறை விழித்துக்கொண்டது. இடம் பெற்றவர் என்பதால் அல்டோ எதிர்த்தரப்பு. புகார் முடியும்வரை அவரும் ராத்திரியிலேயே இருக்க வேண்டும், இரு தரப்பினரும் ஒருவரோடொருவர் பேசவும் கூடாது. நடுநிலைமையைக் காப்பாற்றத்தான். ஒரே குளிரறையில், ஒரே வண்டிக்கு முன்னும் பின்னும், இருவரும் பேசாமல் வேலை செய்தார்கள். சனிக்கிழமை படகு கரையிலேயே கிடந்தது. இருவருமே சட்டத்தை மீறாதவர்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளைவ் தன் வீட்டுச் சமையலறையில் மாரடைப்பால் இறந்துபோனார்.

எல்லா இடத்திலும் புகார் அதோடு முடிந்திருக்கும். எங்கள் மக்கள் பண்பாட்டுப் பிரிவின் தலைவி ஜனெல் ஹார்கிரேவ் அப்படி முடிய விடவில்லை.

"புகார் குடுத்த ஒருத்தரோட பேரை ஷிப்ட் பலகையிலேர்ந்து எடுத்தா அதுக்கு என்ன பேரு, டெஸ்? வகுப்புல படிச்சிருப்பியே."

"பழிவாங்கல்."

"அதேதான். கிளைவ் புகார் குடுத்தாரு. புகார் இன்னும் திறந்திருக்கு. இப்பப் போயி அவர் பேரை எடுத்தா நாளைக்கு யாராவது என்ன கேப்பாங்க? 'புகார் குடுத்ததாலதான எடுத்தீங்க?'ன்னு கேப்பாங்க."

"அவர் இறந்துட்டாரே ஜனெல்."

ஜனெல் என்னைப் பரிவோடு பார்த்தார். "நாங்க இங்க யாரையும் ஒதுக்குறதில்லம்மா. உயிரோட இருக்கறவங்க, இல்லாதவங்கன்னு பிரிச்சுப் பாக்க ஆரம்பிச்சா அது எங்க போய் நிக்கும்? நம்மளப் பொறுத்தவரைக்கும் கிளைவ், நேர்ல வர இயலாத நிலையில இருக்காரு. அவ்வளவுதான்."

அடக்கத்துக்குப் போக அல்டோ அனுமதி கேட்டார். ஜனெல் தாராள மனதோடு அனுமதித்தார், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, சவப்பெட்டியிலிருந்து தகுந்த தூரத்தில் நிற்க வேண்டும். இரண்டு, எதிர்த்தரப்பிடம் எதுவும் பேசக் கூடாது. அல்டோ தேவாலயத்தின் கடைசி வரிசையில் கையில் தொப்பியோடு நின்றார். எல்லோரும் பெட்டியைத் தொட்டு ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார்கள். அல்டோ உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். பேச்சு வந்துவிடுமோ என்று பயந்தவர் போல.

ஆலையின் தொழிற்சங்கப் பிரதிநிதி மோனா, டோங்கா தீவிலிருந்து வந்தவள், எனக்குப் பக்கத்தில் நின்றாள். "நல்லாப் பாத்துக்க டெஸ். பாதிரியாரே செத்தவன்கிட்டப் பேசறாரு. இவன் பேசினா மட்டும் விதிய மீறுறானாம்."

புகார் திறந்திருக்கும்வரை அல்டோ பகல் ஷிப்டுக்கு மாற முடியாது. புகாரை மூட வேண்டுமானால் இரு தரப்பும் சமரசக் கூட்டத்தில் உட்கார வேண்டும். நெறிமுறையில் வேறு வழி எழுதப்படவில்லை. நான் தேடிப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசிவரையும், பிறகு கடைசியிலிருந்து முதல்வரையும்.

கூட்டத்தை நடத்த மெல்போர்னிலிருந்து கீரன் என்ற சமரசக்காரர் வந்தார். மிக மென்மையாகப் பேசுவார். அவர் பேசுவதைக் கேட்க எல்லோரும் முன்னால் சாய வேண்டியிருந்ததால், எல்லோரும் அக்கறையோடு கேட்பது போலத் தோன்றியது. மேசை மேல் ஒரு வழவழப்பான ஆற்றுக் கல்லை வைத்தார்.

"இந்தக் கல்லு யாருகிட்ட இருக்கோ அவங்க மட்டுந்தான் பேசணும். கல்லு இருக்கிற இடத்திலேர்ந்து வர்ற வார்த்தைக்கு மட்டுந்தான் இங்க மதிப்பு. ரெண்டு பேருக்கும் சம நேரம். சம மரியாதை. குறுக்கப் பேசக் கூடாது. சரியா, அல்டோ?" பிறகு காலி நாற்காலியின் பக்கம் திரும்பினார். "சரியா, கிளைவ்?"

நாற்காலியின் முதுகில் கிளைவின் மினுங்கும் ஆரஞ்சு மேலங்கியை மாட்டியிருந்தார்கள். அது ஜனெலின் யோசனை. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, கிளைவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அது என் வேலை.

முதலில் அல்டோ பேசினார். தடுமாறினார். குரல் உயர்ந்தது, மன்னிப்புக் கேட்டார், மறுபடி உயர்ந்தது. பிறகு கல்லை கிளைவின் நாற்காலியில் வைத்தார்கள். அல்டோவுக்குக் கொடுத்த அதே அளவு நேரம் கிளைவுக்கும் கொடுக்கப்பட்டது. அவ்வளவு நேரமும் நாங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் குளிரறையின் விசிறி உறுமியது. எனக்கு யூகலிப்டஸ் வாசனை வந்தது. மேலங்கியில் ஒட்டியிருந்த பழைய வாசனையாக இருக்கலாம். குனிந்து மோந்து பார்த்தேன். அதில் சலவைத்தூள் வாசனைதான் இருந்தது.

"ரொம்ப நல்லது கிளைவ்" என்றார் கீரன். "அல்டோ, கிளைவ் இப்பச் சொன்னதிலேர்ந்து நீங்க என்ன புரிஞ்சுக்கிட்டீங்க?"

"அவன் ஒண்ணும் சொல்லலியே."

கீரனும் ஜனெலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதிர்த்தரப்பு சொன்னதைக் காதுல வாங்க மாட்டேங்கிறீங்க" என்றார் கீரன். "இதுலதான் நாம நிறைய வேலை செய்யணும்."

அன்றைய மதிப்பீட்டில் அல்டோவுக்கு 'உணர்ச்சிவசப்படுகிறார்' என்று விழுந்தது. கிளைவுக்கு 'நிதானம். பிறர் பேச்சில் குறுக்கிடவில்லை. தன் தரப்பைக் கண்ணியமாக முன்வைத்தார்.' அடுத்த கூட்டத்திலும் அப்படித்தான். அதற்கடுத்ததில் கிளைவ் இன்னும் முன்னேறியிருந்தார். அல்டோ பின்தங்கினார். தூக்கமில்லாத கண்களோடு வந்து, கல் கைக்கு வந்ததும் அதையே தேய்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கூட்டம் முடிந்தும் நான் நாற்காலிகளை மேசைக்கு நேராகத் தள்ளிவிட்டுப் போவேன். அடுத்த முறை வந்து பார்க்கும்போது கிளைவின் நாற்காலி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே வெயில். கூட்டிப் பெருக்குபவரிடம் கேட்டேன். அந்த அறையின் சாவியே தன்னிடம் இல்லை என்றார்.

கோடை தொடங்கியபோது விசுவாச விருது விழா வந்தது. எங்கள் ஆலையில் விருது என்றால் காலைத் தேநீர், தேங்காய்த் தூள் புரட்டிய சாக்லேட் கேக், மேலாளரின் பேச்சு. ஆலை மேலாளர் ராஸ் டன்பிரிட்ஜ் நாற்காலி ஒன்றின் மேல் ஏறி நின்றார்.

"விசுவாசம்னா என்ன?" என்று கேட்டார். "இந்த வருஷம் ஒரு ஆளு ஒரு நாள் கூட லீவு போடல. ஒரு நாள் கூட லேட்டா வரல. முதுகு வலிக்குதுன்னு சொல்லல. கேன்டீன்ல உக்காந்து முணுமுணுக்கல. சங்கக் கூட்டத்துக்குப் போகல. வேற ஆலைக்கு மனுப் போடல. ராத்திரி ஷிப்ட் போட்டா ராத்திரி ஷிப்ட். ஏன்னு ஒரு கேள்வி இல்ல. நம்ம ஆலைக்கு இப்படிப்பட்டவங்கதான் வேணும். கிளைவ் பெட்ரி." கைதட்டலுக்காகச் சற்று நிறுத்தினார். "நீங்க எல்லாருமே ஒரு நாள் கிளைவ் மாதிரி ஆகணும். அதுதான் என்னோட ஆசை."

"ஆயிருவோம் ராஸ்" என்றாள் மோனா, கேக்கை மென்றுகொண்டே. "நீங்க கவலப்படாதீங்க. அதுக்குத்தான எல்லாரும் உழைக்கிறோம்."

ராஸ் நெகிழ்ந்துபோய்த் தலையசைத்தார்.

விருதைத் துணையாளாகிய நான்தான் வாங்கினேன். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன வெள்ளி ஊசி. பசு முகம் பொறித்தது. அதை மேலங்கியில் குத்தும்போது விரலில் பட்டு ஒரு பொட்டு ரத்தம் துணியில் விழுந்தது. அந்தக் கறையைத் துவைத்தும் எடுக்க முடியவில்லை. கிளைவ் ஏதோ எதிர்ப்புத் தெரிவிக்கிறாரோ என்று ஓர் எண்ணம் வந்தது. இப்படியெல்லாம் நினைக்கிற ஒருத்தி இந்தத் துறையில் நிலைக்க முடியுமா என்று அடுத்த எண்ணம் வந்தது.

மாலை வகுப்பில் ஆசிரியையிடம் பெயர்களைச் சொல்லாமல் கேட்டேன். ஒரு தரப்பு மட்டும் முற்றிலும் பேச மறுத்தால் சமரசத்தை எப்படி முடிப்பது? "பேச மறுக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கும்" என்றார் ஆசிரியை. "அவங்க பாதுகாப்பா உணரலையோ என்னவோ. நம்பிக்கை வர்றவரைக்கும் பக்கத்துல இரு." நல்ல பதில். வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

அந்த வாரம்தான் ஷெரிலுக்கு மறுபடி வலிப்பு வந்தது. அல்டோ குளிரறையில் கிளைவின் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷிப்ட் பலகையில் கிளைவின் பெயர் இருந்ததால் மாற்றாள் போட வழியில்லை. ஷெரில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்ததைக் காலையில் வீடு திரும்பிய அல்டோதான் பார்த்தார். மூச்சு இருந்தது. ஒரு பக்கக் கன்னம் முழுக்கக் கன்றியிருந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் முகம் தலையணையில அமுங்கியிருந்தா..." என்று மருத்துவமனையில் ஒரு செவிலி ஆரம்பித்து, அவரும் சொல்லி முடிக்கவில்லையாம்.

மோனா ஜனெலின் மேசைக்கு வந்தாள். நானும் இருந்தேன்.

"அந்தம்மா செத்தாத்தான் அல்டோவைப் பகலுக்கு மாத்துவீங்களா? இல்ல, அவங்களுக்கும் ஒரு ஷிப்ட் போட்டுருவீங்களா?"

"மோனா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது" என்றார் ஜனெல். "ஆனா அல்டோவோட வீட்டு நிலைமைக்காகப் புகாரை மூடினா, அது கிளைவுக்குச் செய்யற அநியாயம். கிளைவோட வீட்டு நிலைமையை நாம கேக்கவே இல்லையே."

"கிளைவோட வீடு இப்ப ஆறடிக் குழி."

"பாத்தீங்களா? அது எவ்வளவு கஷ்டமான சூழ்நிலை."

அப்போதுதான் ஜனெல் இன்னொன்றையும் சொன்னார். அந்தப் பகல் இடத்தைக் காலியாக வைத்திருக்க இனி முடியாது. அடுத்த கூட்டத்திலும் சமரசம் ஆகாவிட்டால் இரண்டு பேரையும் மதிப்பெண்படி ஒப்பிட்டு, கூடுதல் பெற்றவருக்கு இடம். வருகை, நிதானம், விசுவாசம், முரண்பாட்டைக் கையாளும் பக்குவம். எதில் யார் முன்னால் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். கிளைவுக்குப் பகல் ஷிப்ட் கிடைக்கப் போகிறது. அல்டோ ராத்திரியிலேயே இருக்கப் போகிறார்.

கடைசிக் கூட்டத்துக்கு அல்டோ சவரம் செய்துகொண்டு, தேவாலயத்துக்கு வந்த அதே சட்டையில் வந்தார். கீரன் கல்லை அவரிடம் தள்ளினார். அல்டோ எங்கள் யாரையும் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"கிளைவு" என்றார். "பலகையில போடச் சொல்லி நானே அன்னிக்குச் சொல்லியிருக்கணும். சொல்லல. எங்க நீயும் பேரு குடுத்துருவியோன்னு பயம். அதான் உண்மை. நீ கேட்டது நியாயம்டா. அப்புறம் அந்தப் பேசாத நாளு. நீ முன்னாடி போவ, நான் பின்னாடி வருவேன். உன் மேலங்கியோட முதுகையே பாத்துட்டிருப்பேன். திரும்பினா நல்லாருக்குமேன்னு நினைப்பேன். திரும்பினா என்ன பண்றது, பேசக் கூடாதேன்னும் நினைப்பேன். படகு இன்னும் அங்கயேதான் கெடக்கு. அவ்வளவுதான்."

கல்லை எடுத்து, எழுந்து வந்து, கிளைவின் நாற்காலியில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

பிறகு கிளைவின் நேரம் தொடங்கியது. விசிறியின் உறுமல் திடீரென்று நின்றது. அது தானாக நின்று தானாக ஓடும் விசிறிதான். நான் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யூகலிப்டஸ் வாசனை என் மூக்கில் இல்லை, நாக்கில் இருந்தது. அறையில் ஒரு குரல் பேசியது.

"மீசை, பகல நீயே வச்சுக்கடா. எனக்கு இனி வெயில் எதுக்கு. ஷெரிலு கட்டில சுவத்த விட்டுத் தள்ளிப் போடு."

ஜனெலின் பேனா நின்றது. எல்லோரும் கிளைவின் நாற்காலிக்கும் எனக்கும் நடுவில் இருந்த காற்றைப் பார்த்தார்கள். என் உதடுகள் திறந்திருந்தன. அதை நான் அப்புறம்தான் கவனித்தேன்.

முதலில் தேறியவர் கீரன்தான். மென்மையாகக் கேட்டார். "கல்லு யாருகிட்ட இருக்கு?"

"கிளைவ்கிட்ட" என்றார் ஜனெல்.

"துணையாள் பேசலாமா?"

"கூடாது. டெஸ்ஸுக்கு அது நல்லாத் தெரியும். வகுப்புல படிக்கிறா."

"அப்போ பேசினது கிளைவ்."

இருவர் முகத்திலும் பெரிய நிம்மதி தெரிந்தது. கிளைவ் புகாரைத் திரும்பப் பெற்றார் என்று எழுதப்பட்டது. எதிர்த்தரப்பின் தேவையை அனுதாபத்தோடு பரிசீலித்ததற்காக அவருக்கு மதிப்பீட்டில் இன்னொரு நல்ல வரி சேர்ந்தது. கை குலுக்கச் சொன்னார்கள். அல்டோ மேலங்கியின் காலிக் கையைப் பிடித்து, மெதுவாக, ஒரு முறை குலுக்கினார்.

கார் நிறுத்தும் இடத்தில் என்னை நிறுத்தினார்.

"மீசைன்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலையே. உங்களுக்கு மீசை இல்லையே."

"கல்யாணத்துக்கு முன்னாடி இருந்துச்சு. படகுல மட்டும் அவன் அப்படிக் கூப்பிடுவான். ஷெரிலுக்கே தெரியாது."

நான் யோசித்துப் பார்த்தேன். இருவரில் யாராவது எப்போதாவது என் முன்னால் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். பேசத் தீர்மானித்தது நானா என்றும் யோசித்தேன். பேச வேண்டும் என்று நினைத்த கணம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாயைத் திறந்த கணம் ஞாபகம் இல்லை.

"நானா பேசினேன், அல்டோ?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றார். "நான் உன்னப் பாக்கலியே."

அடுத்த திங்களே அல்டோ பகல் ஷிப்டுக்கு மாறினார். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டுவிட்டார். ராத்திரிகளில் ஷெரிலுக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிறது.

புகார் மூடப்பட்டதால் இனி கிளைவின் பெயரை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஜனெலிடம் கேட்டேன்.

"எந்தக் காரணத்துல எடுக்கறது, டெஸ்?"

"இறந்துட்டார்ங்கற காரணத்துல."

"போன செவ்வாய்க்கிழமை கூட்டத்துல பேசியிருக்காரு. நானே எழுதியிருக்கேன். இப்ப இறந்துட்டாருன்னு எழுதினா நான் எழுதினது பொய்யின்னு ஆகாதா?" கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "அதுவும் இல்லாம, உன் கூட இருக்கறப்ப அவரு ரொம்பப் பாதுகாப்பா உணர்றாரு. அது நல்லாவே தெரியுது."

பலகையில் இப்போது ராத்திரி ஷிப்டில் கிளைவ் பெட்ரி. அதற்கு நேரே துணையாள் என்று என் பெயர். மாலை வகுப்பை விட்டுவிட்டேன். குளிரறையில் வண்டி ஓட்டவும் அடுக்கவும் கற்றுக்கொண்டேன். வரும்போது இரண்டு அட்டைகளை வருகைப் பதிவு இயந்திரத்தில் செருகுகிறேன், போகும்போதும் இரண்டு.

விடியும்போது அல்டோ வேலைக்கு வருவார். ஷிப்ட் மாறும் அந்த இடைவெளியில் குளிரறை வாசலில் நின்று, "என்னடா, ராத்திரி எப்படி?" என்பார். இப்போது அவரும் கிளைவும் பேசிக்கொள்ளத் தடை இல்லை. ஷெரில் நன்றாகத் தூங்கினாள், ஏரியில் தண்ணீர் ஏறியிருக்கிறது, படகுக்குப் புதுச் சாயம் அடிக்க வேண்டும் என்று ஏதாவது சொல்வார். நான் ஓரமாக நின்று தண்ணீர் குடிப்பேன்.

சொல்லிவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருப்பார். அந்த நேரத்தில் நான் உதடுகளை இறுக்கி, பல்லையும் கடித்து, போதாதென்று கையாலும் வாயை மூடிக்கொள்கிறேன்.

அப்படியும் அல்டோ சிரிக்கிறார்.